பெயர் கேட்காத சீமை

பவுடர் ஆற்றங்கரை மேட்டில் நட்டிருக்கும் ஒரு மரப்பலகையில் ‘கன்சாஸ்’ என்று எழுதியிருக்கிறது. கீழே கிடப்பவன் கன்சாஸ்காரனும் இல்லை, அது அவன் பெயரும் இல்லை. எழுதிய எங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவன் அப்படித்தான் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டான், எழுதினோம்.

எங்கள் சீமையில் வந்தவனிடம் பெயர் கேட்கிற வழக்கம் கிடையாது. குதிரையில் ஒருவன் வந்து இறங்கினால் முதலில் குதிரைக்குத் தண்ணீர் காட்டுவோம். அப்புறம் அவனுக்கு ஒரு தட்டு பீன்ஸ், ஒரு குவளை காப்பி. வழியில் புல் எப்படி, ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்போம். அவனாக ஒரு பெயரைச் சொன்னால் அதுதான் அவன் பெயர். சொல்லாவிட்டால் நாங்களே ஒன்று வைத்துக்கொள்வோம். ஊர் எது, பெண்டாட்டி பிள்ளை உண்டா என்றெல்லாம் கேட்கிறவன் ஒன்று கிழக்கே இருந்து புதிதாக வந்த அசடாக இருப்பான், அல்லது சட்டைக்கு உள்பக்கம் ஷெரீப் வில்லை குத்தியவனாக இருப்பான். இரண்டு பேருக்கும் இந்தப் பக்கத்தில் ஆயுசு கொஞ்சம்தான்.

இதைப் பெரிய மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். எங்களில் பாதிப்பேர் எங்கேயோ ஒரு பெயரைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள் என்பதால் இந்த மரியாதை எங்களுக்கு வசதியாகவும் இருந்தது. இப்படிப்பட்ட சீமையில்தான், யாராவது என்னைப் பார்த்து நீ இன்னார் என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஒருவன் வருஷக்கணக்காக அலைந்தான்.

அவனைக் கண்டெடுத்தவர்கள் ரயில் பாதை வேலை பார்த்த அயர்லாந்துக்காரர்கள். பிளாட் ஆற்றில் வெள்ளம் வடிந்த பிறகு கரையோரப் புதரில் கிடந்தான். ஒரு காலில்தான் பூட்ஸ் இருந்தது. பின்மண்டையில் குதிரைக் குளம்பு பட்ட காயம். மேலே எங்கேயோ மாட்டு மந்தையை ஆற்றுக்குள் இறக்கியபோது குதிரையோடு உருண்டிருக்கிறான் என்று ஊகித்தார்கள், அது சரியான ஊகம்தான். அந்த மந்தைக்காரர்கள் அவனை அதற்குச் சில நாள் முன்புதான் வேலைக்குச் சேர்த்திருந்தார்கள். ஆள் தண்ணீரோடு போய்விட்டான் என்று தொப்பியைக் கழற்றி நின்றுவிட்டு நடையைக் கட்டினார்கள். வீட்டுக்குச் சேதி சொல்லலாம் என்றால் வீடு எங்கே என்று அவனை யாரும் கேட்டிருக்கவில்லை.

ரயில்காரர்களுக்கு எங்கள் மரியாதை தெரியாது. கண் விழித்ததும் கேட்டுவிட்டார்கள்.

"பேரு என்னப்பா?"

அவன் வாயைத் திறந்தான். ஒன்றும் வரவில்லை.

"பதறாதே, மெதுவா யோசி. ஊரு?"

"தெரியல."

"பொண்டாட்டி பேராவது தெரியுமா?"

"இருக்காளான்னே தெரியலையே."

"கொடுத்து வச்ச மனுஷன்யா," என்றான் மூலையில் படுத்திருந்த ஒருவன். கொட்டகையே சிரித்தது. அவனும் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

கைகளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. சேணம் கட்டின, கயிறு வீசின, ரொட்டி மாவு பிசைந்தன. தலைக்குத்தான் எதுவும் இல்லை. ரயில்காரர்களில் வயதான ஒருவர், அவன் பேசுவதைக் கேட்டால் கன்சாஸ்காரன் மாதிரி இருக்கிறது என்றார். அவர் கன்சாஸை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. ஆனாலும் பெயர் ஒட்டிக்கொண்டது. இவனும் அதை நம்பிக்கொண்டு தெற்கே போய் கன்சாஸில் ஊர் ஊராகத் திரிந்தான். அவனுடைய வீடு வடக்கே, அவனைக் கண்டெடுத்த இடத்திலிருந்து நாலைந்து நாள் குதிரைப் பயணத்தில் இருந்தது.

எந்த ஊருக்குப் போனாலும் அவன் செய்கிற வேலை ஒன்றுதான். கொல்லன் பட்டறை, சாராயக் கடை, ரயிலடி என்று ஆள் கூடுகிற இடமாகப் பார்த்துப் போய் நிற்பான். தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தை வெளிச்சத்தில் காட்டுவான்.

"என்னை இதுக்கு முன்னாடி பாத்திருக்கீங்களா?"

சாராயக் கடைக்காரர் ஒருவர் கோப்பையைத் துடைப்பதை நிறுத்தாமலே பதில் சொன்னார். "பாத்ததே இல்லீங்க."

"நல்லாப் பாருங்க."

"எவ்வளவு நல்லாப் பாத்தாலும் பாத்ததில்ல. நாளைக்கு ஜட்ஜ் முன்னாடி நிறுத்தி பைபிள் மேல கை வைக்கச் சொன்னாலும் பாத்ததில்லன்னுதான் சொல்லுவேன். போதுமா?"

"நான் நிஜமாத்தான் கேக்கறேன்."

"நானும் நிஜமாத்தான் சொல்றேன். காசு வேண்டாம், குடிச்சிட்டுக் கிளம்புங்க."

பாவம் அவரும் என்ன செய்வார். எங்கள் பக்கத்தில் ஒருவன் வந்து என்னைத் தெரியுமா என்று கேட்டால் அதற்குத் தெரியாது என்று சொல் என்றுதான் அர்த்தம். வேறு சிலர் இவனைத் துப்பறிய வந்தவன் என்று நினைத்து முகம் கொடுக்காமல் எழுந்து போனார்கள். ஆக, உண்மையிலேயே தெரியாதவர்களும் தெரியாது என்றார்கள், ஒருவேளை தெரிந்தவர் யாராவது இருந்திருந்தால் அவரும் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பார். இரண்டையும் பிரித்தறிய அவனுக்கு வழியில்லை.

ஒரே ஓர் ஊரில் மட்டும் தெரியும் என்றார்கள். மாடுகளை ரயிலேற்றுகிற ஊர். சம்பளம் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த மூன்று பயல்கள் இவன் கேட்டதும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் எழுந்து வந்து கட்டிப்பிடித்தான்.

"டேய், நம்ம ஜெத்ரோடா. அண்ணே, எங்கண்ணே போயிட்டே இத்தன நாளா? அம்மாவுக்கு உன்னை நெனச்சு நெனச்சு கண்ணே போயிருச்சு."

அவன் நம்பினான். நம்பாமல் என்ன செய்வான், எத்தனை காலமாக அந்த வார்த்தைக்குக் காத்திருந்தவன். அம்மா எப்படி இருக்கிறாள், வீடு எங்கே, நான் சின்ன வயதில் எப்படி இருப்பேன் என்று கேட்டுக் கேட்டு அழுதான். அவர்களும் சளைக்காமல் சொன்னார்கள். சாயங்காலம் வரைக்கும் ஜெத்ரோவாக இருந்தான். அப்புறம் ஒருவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தான், மற்ற இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள், கடை முழுக்கச் சேர்ந்துகொண்டது. அந்தப் பயல்கள் இப்போது எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கக் கூடாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அன்றோடு கேட்பதை நிறுத்திவிட்டான். தனக்கு ஞாபகம் போய்விட்டது என்று இனி ஒருவரிடமும் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தான். வடக்கே எங்கள் பக்கம் வந்து, பெயர் கன்சாஸ் என்று தானாகவே சொன்னான். நாங்கள் குதிரைக்குத் தண்ணீர் காட்டினோம்.

நல்ல வேலைக்காரன். அதிகம் பேச மாட்டான். மற்றவர்கள் அவரவர் ஊர்க் கதை பேசும்போது எழுந்து போய்க் குதிரையைப் பார்ப்பான். ஏதோ பெரிய குற்றம் செய்துவிட்டு வந்தவன் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். யாரும் கேட்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் எல்லைக் குடிசைக்கு அவனை அனுப்பினார்கள். பண்ணை எல்லை முடிகிற இடத்தில் ஒரு மரக்குடிசை. பனிக்காலம் முழுவதும் இரண்டு பேர் அங்கேயே தங்கி, மாடுகள் பனிக்காற்றோடு எல்லை தாண்டிப் போகாமல் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். கூட இருப்பவன் எப்படி அமைகிறானோ அதைப் பொறுத்தது பிழைப்பு. சிடுமூஞ்சியாக அமைந்தால் பனி உருகுவதற்குள் ஒருவன் மற்றவனைச் சுட்டுவிடுவான். அவனுக்கு அமைந்தவர் லைமன் டாக்கெட். ஐம்பது தாண்டியவர், பொறுமைசாலி, குறட்டை மட்டும் கொஞ்சம் அதிகம்.

டாக்கெட் குடிசை வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்தார். கன்சாஸ் குதிரையிலிருந்து இறங்கியதைப் பார்த்ததும் கோடாலி கையில் அப்படியே நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட வந்த மேஸ்திரி, "இவன்தான் கன்சாஸ்," என்றார். டாக்கெட் வாயை மூடிக்கொண்டார்.

"கன்சாஸா? சரி. உள்ள வாப்பா, காப்பி கொதிக்குது."

டாக்கெட்டுக்கு அவனைத் தெரியும். கன்சாஸுக்கு இது பின்னால்தான் தெரிந்தது, உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நெப்ராஸ்காவில் லூப் ஆற்றுப் பக்கம் ஒரு தடவை டாக்கெட் காய்ச்சலில் விழுந்தபோது ஒரு சின்னக் குடியானவன் வீட்டில்தான் வாரக்கணக்கில் கிடந்தார். அந்தக் குடியானவன்தான் இவன். அவனும் அவன் மனைவியும் தங்கள் கட்டிலை அவருக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தார்கள். பிறகு அவன் மந்தையோடு போனான், திரும்பவில்லை. டாக்கெட் அந்தப் பக்கம் போகிறபோதெல்லாம் அந்தப் பெண்ணை எட்டிப் பார்ப்பார். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

இப்போது அவன் வேறு பெயரோடு எதிரே நிற்கிறான், தன்னைப் பார்த்துவிட்டு முதல் முறை பார்க்கிறவன் மாதிரி கை கொடுக்கிறான். எங்கள் ஆள் ஒருவன் இதிலிருந்து என்ன புரிந்துகொள்வான்? வீட்டை விட்டு ஓடி வந்திருக்கிறான், என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே என்கிறான் என்று. டாக்கெட்டும் அப்படித்தான் புரிந்துகொண்டார். பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது அநாகரிகம். அதனால் குளிர்காலம் முழுக்க ஒரே கூரைக்குக் கீழே, ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு, அவன் தேடிய பெயரை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஆனாலும் மனசு கேட்கவில்லை. அவருக்கு அந்தப் பெண் சோறு போட்டிருக்கிறாள். ஒரு நாள் மதியம், வெளியே தலைகாட்ட முடியாதபடி பனி கொட்டியது. டாக்கெட் அறுந்த சேணவாரைத் தைத்துக்கொண்டிருந்தார், கன்சாஸ் அடுப்பில் ரொட்டி சுட்டான். டாக்கெட் சுற்றி வளைத்து ஆரம்பித்தார்.

"லூப் ஆத்துப் பக்கம் எனக்குத் தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி இருக்கா தம்பி."

"ம்."

"அவ புருஷன் மந்தையோட போனவன் திரும்பவே இல்ல."

"செத்துட்டானா?"

டாக்கெட் ஊசியை நிறுத்திவிட்டு அவன் முகத்தைப் பார்த்தார். "சாகல. நல்லாத்தான் இருக்கான்."

"அப்ப ஏன் வீட்டுக்குப் போகல?"

"அத அவன்தான் சொல்லணும்."

கன்சாஸ் ரொட்டியைத் திருப்பிப் போட்டான்.

"அவன் போனப்புறம் ஒரு பொண்ணு பொறந்திருக்கு. அப்பனை உரிச்சு வச்சிருக்கு. பக்கத்துல ஒரு நல்ல மனுஷன், ஸ்வீடன்காரன், கட்டிக்கிறேன்னு கேட்டுக்கிட்டே இருக்கான். இவ மாட்டேங்கிறா. புருஷன் வருவான்னு உக்காந்திருக்கா."

கன்சாஸுக்கு வயிறெரிந்தது. தனக்காக எங்காவது ஒரு விளக்கு எரிகிறதா என்று தெரியாமல் அவன் பாதி நாட்டைச் சுற்றி வந்திருக்கிறான். இங்கே எவனோ ஒருவனுக்கு வீடு இருக்கிறது, காத்திருக்கிற பெண்டாட்டி இருக்கிறாள், பெற்ற பிள்ளை இருக்கிறது, அவன் பாட்டுக்குப் போகாமல் திரிகிறான்.

"அந்த மாதிரி ஆளுக்காகக் காத்திருக்கறது வீண் அண்ணே. அந்த ஸ்வீடன்காரனைக் கட்டிக்கச் சொல்லுங்க."

"நல்லா யோசிச்சுச் சொல்றியா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு. போக வீடிருந்தும் போகாதவன் இனிமே வரவே மாட்டான். நான் சொல்றேன் பாருங்க."

"அப்ப, இத அப்படியே அவகிட்ட சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லுங்க."

டாக்கெட் அதற்கப்புறம் வாரைத் தைக்கவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இப்படி ஒரு கல்நெஞ்சனா என்று அவருக்கு ஆறவே இல்லை. கன்சாஸ் ரொட்டியைத் தட்டில் போட்டு அவர் தலைமாட்டில் வைத்தான். கிழவருக்கு மூட்டு வலி போல என்று நினைத்தான்.

பனி உருகியதும் டாக்கெட் லூப் ஆற்றுப் பக்கம் போனார். இலையுதிர்காலத்தில் மாடுகளைத் திரட்டுகிற வேலைக்குத்தான் திரும்பி வந்தார். வந்தவர் கன்சாஸைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவன் உட்கார்ந்த பக்கம் சாப்பிட உட்காரவில்லை, அவன் நீட்டிய புகையிலையை வாங்கவில்லை. கன்சாஸுக்கு எங்களில் சிநேகிதன் என்று இருந்தவர் அவர் ஒருவர்தான். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் காலையில் குதிரைப் பட்டியில் தனியாக இருக்கும்போது போய்ப் பிடித்தான்.

"என்மேல என்னண்ணே கோவம்?"

"நீ சொன்ன சேதியைச் சொல்லிட்டேன். கட்டிக்கிட்டா. சந்தோஷமா இரு."

"யாரு?"

"போதும்ப்பா. இங்க நாம ரெண்டு பேருதான் இருக்கோம். இனிமேலும் எதுக்கு இந்த வேஷம், ஆம்ப்ரோஸ்?"

கன்சாஸ் திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தான். பின்னால் குதிரைகள்தான் நின்றன.

அவன் அப்படித் திரும்பிப் பார்த்ததை டாக்கெட் கவனித்தார். நடிக்கிறவன் அப்படித் திரும்ப மாட்டான். அவருக்கு அப்போதுதான் ஏதோ புரிய ஆரம்பித்தது. கன்சாஸ் தொப்பியைக் கழற்றினான். யாரிடமும் சொல்வதில்லை என்று வைத்திருந்ததை, பின்மண்டைத் தழும்பைக் காட்டி, நின்றபடியே சொன்னான். டாக்கெட் அந்தத் தழும்பை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஏன்டா சொல்லல? ஒரு குளிர்காலம் பூரா ஒண்ணாக் கிடந்தோமேடா."

"நீங்க ஏண்ணே சொல்லல?"

"அது மரியாதையா இருக்காதேன்னுதான்."

பிறகு கன்சாஸ், அந்தப் பெயரை முழுசாக ஒரு தடவை சொல்லுங்கள் என்று கேட்டான். ஆம்ப்ரோஸ் ஹேல் என்றார் டாக்கெட். அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். கேட்ட மாத்திரத்தில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று நம்பிக்கொண்டுதான் அத்தனை வருஷம் அலைந்திருந்தான். ஒன்றுமே வரவில்லை. அக்கம்பக்கத்தில் யாரோ ஒருவருடைய பெயர் போல இருந்தது.

டாக்கெட் அவள் பெயர் ஹெட்டி என்று சொல்லிவிட்டு, கூட வருகிறேன் என்றார். வேண்டாம் என்று தனியாகப் போனான்.

லூப் ஆற்றங்கரையில் அந்த வீடு மண்கட்டியால் கட்டியது, முன்பக்கம் மட்டும் புதிதாகப் பலகை அடித்துக் கண்ணாடி ஜன்னல் வைத்திருந்தார்கள். அவன் வாசலுக்கு வந்து குதிரையை நிறுத்தியதும் ஒரு கூட்டம் வெள்ளை வாத்துகள் கழுத்தை நீட்டிச் சீறிக்கொண்டு வந்தன. அவன் இறங்காமல் இரண்டு காலையும் தூக்கிக்கொண்டான். மாட்டு மந்தை மிரண்டு ஓடும்போது குறுக்கே பாய்கிறவன், வாத்தைக் கண்டால் மட்டும் நடுங்குவான், ஏன் என்று அவனுக்கே தெரியாது. சத்தம் கேட்டு ஒரு பெண் வெளியே வந்தாள். குதிரை மேல் காலைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனைப் பார்த்துக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இறங்குங்க. அதுங்க ஒண்ணும் பண்ணாது," என்றாள். பிறகு குரல் மாறியது. "டாக்கெட் கிட்ட சொல்லியனுப்பினது போதலையா? நான் எப்படி இருக்கேன்னு பாக்க வேற வந்தீங்களா?"

"அம்மா, நான் சொல்றதக் கொஞ்சம் கேளுங்க."

"அம்மாவா?"

ஹெட்டி அவன் கண்ணைப் பார்த்தாள். தன்னைத் தெரிந்தவன் பார்க்கிற பார்வை இல்லை அது. அவள் வாத்துகளை விரட்டிவிட்டு அவனை உள்ளே கூப்பிட்டாள். இப்போதைய கணவன், அந்த ஸ்வீடன்காரன் நில்ஸ், வயலில் இருந்தான், மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள். அடுக்களை மேஜைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உட்கார்ந்து, அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் வயிற்றில் ஒரு பிள்ளை இருப்பதை அவன் கவனித்தான்.

சொல்லி முடித்துவிட்டுத்தான், அவன் கேட்க வந்ததைக் கேட்டான்.

"நான் எப்படிப்பட்ட ஆளுன்னு சொல்றீங்களா? நல்லவனா இருந்தேனா?"

ஓடிப்போனவன் என்று அவனை மனசுக்குள் திட்டித் திட்டி, நல்லதையெல்லாம் எங்கேயோ அடியில் போட்டு வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தேடி எடுத்தாள்.

"கோபம் வந்தா பேச மாட்டீங்க. போய் விறகு பிளப்பீங்க. கல்யாணம் ஆன முதல் வருஷம் நமக்கு விறகு பஞ்சமே வரல. பாடுவீங்க, தாளம் சுருதி ஒண்ணும் இருக்காது. பாதிரியார் ஒரு தடவை உங்களை விளக்கு பிடிக்கச் சொல்லிட்டார், பாட வேண்டாம்னு."

"அப்புறம்?"

"இந்தக் கதவு நீங்க வச்சது. உங்க உயரத்துக்குச் சரியா அளந்தீங்க, தொப்பியைக் கணக்குல சேக்கல. உள்ள வர்றப்பல்லாம் தொப்பி கீழ விழும். நில்ஸ் குட்டை, அவருக்குச் சரியா இருக்கு." அவள் நிறுத்தினாள். "வாத்துன்னா பயம்."

"அது இப்பவும் இருக்கு."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சொன்னதில் அவனுக்கு அடையாளம் தெரிந்தது அது ஒன்றுதான். மற்றதையெல்லாம் யாரோ நல்ல மனிதனைப் பற்றிய செய்தி மாதிரிதான் கேட்டுக்கொண்டிருந்தான், அந்த மனிதனை அவனுக்குப் பிடித்திருந்தது.

"ஜன்னலுக்காகத்தான் போனீங்க," என்றாள் அவள். "கண்ணாடி ஜன்னல் வேணும்னு நான்தான் நச்சரிச்சேன். ஒரு மந்தைச் சம்பளம் வந்தா வாங்கிரலாம்னு கிளம்புனீங்க. நான் கேக்காம இருந்திருந்தா..."

"அப்படிச் சொல்லாதீங்க."

"டாக்கெட் வந்து நீங்க சொன்னீங்கன்னு சொன்னப்ப, நான் அழக்கூட இல்ல. அவ்வளவு வெறுப்பு. அடுத்த வாரமே நில்ஸ் கிட்ட சரின்னு சொல்லிட்டேன்." அவள் மேஜை விளிம்பைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "நீங்க சொல்லுங்க. முதல்ல கட்டினவர் நீங்கதான். நான் அவர்கிட்ட இன்னைக்கே சொல்றேன்."

அந்த ஒரு நிமிஷம் அவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் போதும், பெயர் அவனுடையது, வீடு அவனுடையது. அந்த வார்த்தையைச் சொன்னால் ஊரார் வாயில் அவள் இரண்டு புருஷன்காரி, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு அப்பன் பெயர் இருக்காது. பெயர் இல்லாமல் இருப்பது எப்படி என்று அவனை விட நன்றாக யாருக்குத் தெரியும்.

"அவர் உங்களை நல்லா வச்சிருக்காரா?"

"வச்சிருக்காரு."

"அப்ப ஆம்ப்ரோஸ் ஹேல் ஆத்தோட போயிட்டான்மா. ஓடல. திரும்பி வரணும்னுதான் போனான். அது மட்டும் உங்களுக்குத் தெரிஞ்சா போதும்."

அவள் அழ ஆரம்பித்தாள். மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, அத்தனை வருஷம் அழாததையும் சேர்த்து அழுதாள். அவன் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கூட அழ வேண்டும் போல இருந்தது, கண்ணில் தண்ணீர் வரவில்லை. செத்துப்போனவனை அவனுக்குப் பழக்கமில்லை. அப்படி அழ ஒருத்தியை வைத்திருந்தானே என்று அவன் மேல் பொறாமையாகத்தான் இருந்தது. தொப்பியைக் கையிலேயே வைத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்தான்.

பாதையில் கொஞ்ச தூரம் போனதும், சாப்பாட்டு வாளியை ஆட்டிக்கொண்டு ஒரு சிறுமி எதிரே வந்தாள். பத்து வயது இருக்கும். அவன் குதிரையை நிறுத்தினான்.

"நீ ஹெட்டி அம்மா பொண்ணா?"

"ஆமா. எஃபி."

"வீட்டுக்குப் போம்மா. அம்மா அழுதுக்கிட்டு இருக்காங்க."

சிறுமியின் முகம் வெளுத்தது. "ஏன்? அப்பாவுக்கு ஏதாவது ஆயிருச்சா? வண்டியில இருந்து விழுந்துட்டாரா?"

"இல்லம்மா, அவர் நல்லா வயல்ல இருக்கார். இது உன்னைப் பெத்த அப்பா. ரொம்ப நாளைக்கு முன்னாடியே ஆத்துல போயிட்டார்னு இப்பதான் சேதி வந்திருக்கு."

"ஓ, அவரா," என்று எஃபி மூச்சு விட்டாள். "நான் பயந்தே போயிட்டேன்."

அவன் தலையை ஆட்டினான்.

"அவர் எங்களை விட்டுட்டு ஓடிட்டாருன்னு ஸ்கூல்ல எல்லாரும் சொல்றாங்க."

"இனிமே சொன்னா இல்லன்னு சொல்லு. உங்க வீட்டுக்கு ஜன்னல் வாங்கப் போனவர்."

"உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"கொஞ்சம்."

"எப்படி இருப்பாரு?"

அவனிடம் இருந்ததெல்லாம் சற்றுமுன் மேஜையில் கிடைத்ததுதான். அதை அப்படியே கொடுத்தான். சுருதி இல்லாமல் பாடுவார், கோபம் வந்தால் விறகு பிளப்பார், கதவு செய்தபோது தொப்பியை மறந்துவிட்டார். எஃபி ஒவ்வொன்றுக்கும் சிரித்தாள். வாத்து என்றால் பயம் என்றதும் மட்டும் சிரிக்கவில்லை. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குதிரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"எனக்கும்தான். அம்மாகிட்ட சொல்லிராதீங்க, கிண்டல் பண்ணுவாங்க."

"சொல்ல மாட்டேன்," என்றான் அவன்.

அவள் வாளியை ஆட்டிக்கொண்டு ஓடினாள். வாசல் பக்கம் வாத்துகள் நின்றுகொண்டிருந்தன. எஃபி அவற்றைப் பார்த்ததும் நின்று, பாதையை விட்டு விலகி, வேலியோரமாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வழியாக வீட்டுக்குள் போனாள். அவன் அது வரைக்கும் அங்கேயே நின்று பார்த்திருந்துவிட்டு, குதிரையை வடக்கே திருப்பினான்.